மோட்டாருக்கு ஒரு வைட்டமின்: ரெப்ராப் இயந்திரம் சிப் தேடிய கதை

தன்னுடைய பாகங்களைத் தானே செய்துகொள்ளும் ஓர் இயந்திரம் இருந்தால் எப்படி இருக்கும்? ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். அது பக்கத்து வீட்டுக்கு ஒன்று செய்து கொடுக்கும், அந்த வீட்டு இயந்திரம் அடுத்த தெருவுக்கு ஒன்று செய்யும். அறிவியல் புனைகதை போலத் தோன்றும் இந்த எண்ணத்தை 2004-ல் எழுதி வெளியிட்டவர் ஏட்ரியன் போயர். இங்கிலாந்தில் உள்ள பாத் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் ஆசிரியர். எழுதியதோடு நிற்காமல் 2005-ல் அதை ஒரு திட்டமாகவே தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ரெப்ராப்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கு அடுக்காகப் படிய வைத்துப் பொருள் செய்யும் முறை அப்போதே இருந்தது. ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர் 1989-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1992-ல் பெற்றார். ஆனால் அந்த இயந்திரங்களை வாங்கப் பெரிய நிறுவனங்களால்தான் முடியும். போயர் நினைத்தது வேறு. சில நூறு பவுண்டுக்குள் முடியவேண்டும், வரைபடங்கள் எல்லாருக்கும் இலவசம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிளாஸ்டிக் பாகத்தை இயந்திரம் அச்சடித்துவிடும். இரும்புக் கம்பி, திருகு, மோட்டார், சிப் இதையெல்லாம் யார் அச்சடிப்பது? ரெப்ராப்காரர்கள் இவற்றுக்கு ஓர் அழகான பெயர் வைத்தார்கள்: வைட்டமின். மனித உடம்பு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது, ஆனால் வைட்டமின் சி போன்றவற்றைச் செய்துகொள்ள முடியாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அதுபோல இயந்திரம் வெளியிலிருந்து பெறவேண்டியவை வைட்டமின்கள். வைட்டமின் எந்த ஊரிலும் சுலபமாகக் கிடைக்கவேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும். கிடைக்காத வைட்டமினை நம்பிய உயிரினம் பெருகாது அல்லவா?

பொதுவாக ஒரு மோட்டாரைக் கட்டுப்படுத்த மைக்ரோகன்ட்ரோலர் தேடும்போது வேகம் என்ன, நினைவகம் எவ்வளவு, டைமர் எத்தனை என்றுதான் பட்டியல் போடுவார்கள். ரெப்ராப்பின் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பட்டியல் இரண்டாம் பட்சமாகவே இருந்திருக்கிறது. "இதை யாரால் வாங்க முடியும்? வீட்டில் உட்கார்ந்து யாரால் பற்றவைக்க முடியும்?" என்ற கேள்விகளே முதலில் வந்தன. அதனால் வந்த நன்மையும் பெரிது, வந்த தொல்லையும் பெரிது.

முதலில் மோட்டார்கள் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடலாம். ரெப்ராப்பில் இருப்பவை ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு துடிப்பு கொடுத்தால் 1.8 டிகிரி திரும்பும். 200 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று. டிரைவர் சிப் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 பங்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்பு. 20 பல் சக்கரத்தில் 2 மி.மீ. பல் இடைவெளி உள்ள பெல்ட் ஓடுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 80 துடிப்பு. நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் போகவேண்டுமானால் நொடிக்கு 8,000 துடிப்பு, அதுவும் ஒரு மோட்டாருக்கு. இயந்திரத்தில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று திசைகளும், இழையைத் தள்ளும் மோட்டார் ஒன்றும் உண்டு.

இந்த மோட்டாரின் பெரிய குணம், தான் எங்கே இருக்கிறேன் என்று திருப்பிச் சொல்லாதது. சிப் துடிப்பை அனுப்பிவிட்டு, மோட்டார் நகர்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். துடிப்பு தாமதமாகவோ ஒழுங்கில்லாமலோ வந்தால் மோட்டார் தடுமாறி ஒரு ஸ்டெப்பைத் தவறவிடும். அதற்குப் பிறகு வரும் எல்லா அடுக்கும் தள்ளியே விழும். பத்து மணி நேரம் ஓடிய வேலை ஒன்பதாவது மணியில் படிக்கட்டு போலச் சரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

இன்னொன்று, சாய்கோடு. எக்ஸ் மோட்டார் 100 ஸ்டெப் போகும் நேரத்தில் ஒய் மோட்டார் 37 போகவேண்டும் என்றால் அந்த 37-ஐ எங்கெங்கே செருகுவது? வகுத்தல் இல்லாமல், வெறும் கூட்டல் கழித்தலால் இதைச் செய்யும் வழியை 1962-லேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரசன்ஹாம் கண்டுபிடித்துவிட்டார். கால்காம்ப் என்ற வரைபட இயந்திரத்துக்காக அவர் எழுதிய முறை அது. 1965-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கணினித் திரையில் கோடு வரையும் முறை என்று பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது பிறந்தது பேனாவை நகர்த்தும் இயந்திரத்துக்காகத்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே முறை பிளாஸ்டிக் உருக்கும் முனையை நகர்த்த வந்தது.

சரி, முதல் சிப் எது? 2005-க்குப் பிறகு வந்த தொடக்க கால ரெப்ராப்பில் இருந்தவை பிக் 16எஃப்628, 16எஃப்648 வகைச் சிப்புகள். பிக் குடும்பம் 1970-களில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் பிறந்து பின்பு மைக்ரோசிப் நிறுவனத்துக்கு வந்தது. பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்களிடம் அப்போது பிக்குக்கு நல்ல செல்வாக்கு. ஆனால் 16எஃப்648-ல் உள்ள தரவு நினைவகம் 256 பைட் மட்டுமே! ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு சின்ன சிப்பால் நான்கு மோட்டாரையும் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் மோட்டாருக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு சிப் என்று வைத்து எல்லாவற்றையும் வளையம் போல இணைத்தார்கள். கணினியிலிருந்து வரும் செய்தி முதல் போர்டுக்குப் போகும். தனக்கு இல்லை என்றால் அது அடுத்ததற்குத் தள்ளிவிடும். பந்தியில் பாயச வாளி கைமாறுவது போலத்தான். எக்ஸும் ஒய்யும் சேர்ந்து நகரவேண்டிய இடத்தில் ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் நடுவே தனியாக ஒத்திசைவுத் துடிப்பு போகும்.

அது வேலை செய்தது என்பதே ஆச்சரியம்தான். ஆனால் பரவவில்லை. காரணம் சிப்பின் வேகம் அல்ல. பிக்கில் நிரல் ஏற்றத் தனியாக புரோகிராமர் கருவி வேண்டும். வளையத்தில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது கடினம். புதிதாகக் கட்ட வருபவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவார்.

இதே காலத்தில் இத்தாலியின் இவ்ரியா நகரில் வேறொரு கதை நடந்தது. அங்கிருந்த வடிவமைப்புப் பள்ளியில் எர்னான்டோ பாராகான் என்ற கொலம்பிய மாணவர் 2003-ல் தன் ஆய்வுக்காக வயரிங் என்ற எளிய போர்டையும் நிரல் சூழலையும் உருவாக்கினார். அதை ஒட்டி மாசிமோ பான்சியும் மற்றவர்களும் 2005-ல் செய்ததுதான் ஆர்டுயினோ. (அந்தப் பெயர் ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர், அந்தக் கடைக்கு அப்பெயர் ஒரு பழைய ராஜாவிடமிருந்து வந்தது!) அதன் இதயம் ஏ.வி.ஆர். சிப். நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய வடிவமைப்பை ஏட்மெல் நிறுவனம் 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாணவர் கண்ட சிப், மாணவர் கண்ட போர்டு! கணினியில் யுஎஸ்பி கம்பியைச் செருகினால் நிரல் ஏறிவிடும், புரோகிராமர் வேண்டாம்.

ரெப்ராப் பக்கம் இதைப் பற்றிக்கொண்டவர் அமெரிக்காவின் சாக் ஹோகன். ஏடிமெகா168 சிப் உள்ள ஆர்டுயினோ ஒன்றே எல்லா மோட்டாரையும் ஓட்டட்டும் என்று மாற்றினார். நிரலுக்கு 16 கிலோபைட், தரவுக்கு 1 கிலோபைட். சீக்கிரமே இடம் போதவில்லை, கால்களும் போதவில்லை. 2008-ல் சாங்குயினோ என்ற போர்டைச் செய்தார். அதில் ஏடிமெகா644பி, 64 கிலோபைட் நிரல் இடம், 4 கிலோபைட் தரவு இடம். அப்போது இதைவிடப் பெரிய சிப்புகள் கிடைக்கவில்லையா என்றால், தாராளமாகக் கிடைத்தன. ஆனால் 644-க்கு ஒரு தகுதி இருந்தது. 40 தடித்த கால்களோடு, துளையிட்ட போர்டில் செருகிச் சாதாரணப் பற்றவைப்புக் கோலால் பற்றவைக்கும் வடிவத்தில் அது கிடைத்தது. பெரிய சிப்புகளின் கால்கள் மயிரிழை இடைவெளியில் இருக்கும், வீட்டில் கை நடுங்கினால் போயிற்று. எந்தச் சிப் என்று முடிவு செய்தது கணக்குப் போடும் திறமை அல்ல, அதன் கால்கள்தான்!

2008 மே 29 அன்று பாத் பல்கலைக்கழகத்தில் டார்வின் என்று பெயரிடப்பட்ட முதல் ரெப்ராப், தன் அச்சுப் பாகங்கள் அனைத்தையும் செய்து முடித்திருந்தது. அவற்றால் கட்டிய குழந்தை இயந்திரம், கட்டி முடித்த சில நிமிடங்களில் பேரப்பிள்ளைக்கான முதல் பாகத்தை அச்சடித்தது. அடுத்த ஆண்டு மெண்டல் என்ற சிறிய வடிவம் வந்தது. 2009-ல் கிரம்பின் காப்புரிமையும் காலாவதியானது. கதவு திறந்துவிட்டது.

அடுத்து வந்தது ஏடிமெகா2560. அதற்கு 100 கால், வீட்டில் பற்றவைக்க முடியாத ரகம். ஆனால் ஆர்டுயினோ மெகா என்ற பெயரில் தயாராகப் பற்றவைத்த போர்டாகவே கடையில் கிடைத்தது. எனவே அதன் தலைமேல் உட்காரும்படி ரேம்ப்ஸ் என்ற இன்னொரு போர்டை வடிவமைத்தார்கள். மோட்டார் டிரைவர்கள் தனித்தனிச் சின்னத் துண்டுகளாக அதில் செருகப்படும். ஒன்று எரிந்தால் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். புதிதாகச் செய்பவன் எப்படியும் ஒன்றை எரிப்பான் என்று தெரிந்தே செய்த வடிவம் அது. இந்த மெகாவும் ரேம்ப்ஸும் சேர்ந்த ஜோடிதான் உலகம் முழுக்கப் பரவியது.

இனிதான் சுவையான பகுதி. 2560-ல் இடம் நிறைய, 256 கிலோபைட். ஆனால் வேகம் அதே 16 மெகாஹெர்ட்ஸ், அதே எட்டு பிட். நொடிக்கு 8,000 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு சிப்பிடம் 2,000 கடிகாரச் சுழற்சிகள் உள்ளன. 300 மி.மீ. வேகத்துக்குப் போனால் அது 666 ஆகக் குறையும். தசமப் புள்ளி எண்களில் ஒரே ஒரு வகுத்தல் செய்யவே இந்தச் சிப்புக்குச் சில நூறு சுழற்சி வேண்டும். அதற்கென்று வன்பொருள் அதில் கிடையாது. மீதி நேரத்தில் வெப்பநிலை பார்க்கவேண்டும், மெமரி கார்டு படிக்கவேண்டும், திரையில் எழுதவேண்டும்.

2009-ல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கூக்ஸ்ரூத் எழுதிய கிர்பிள் என்ற நிரல் இதற்கு வழி காட்டியது. மரம் கடையும், உலோகம் வெட்டும் இயந்திரங்களுக்காக எழுதியது. 32 கிலோபைட் உள்ள ஏடிமெகா328-க்குள் அடங்கியது. வேலையை அது இரண்டாகப் பிரித்தது. வரப்போகும் கோடுகளை முன்கூட்டியே பார்த்து, எந்த மூலையில் எவ்வளவு வேகம் குறைக்கவேண்டும் என்று நிதானமாகக் கணக்கிட்டு வரிசையில் வைப்பது ஒரு பகுதி. டைமர் கூப்பிடும்போதெல்லாம் ஓடிவந்து துடிப்பு கொடுத்துவிட்டுப் போவது இன்னொரு பகுதி. அந்த இரண்டாவது பகுதியில் தசமப் புள்ளியே இல்லை, பிரசன்ஹாமின் கூட்டல் கழித்தல் மட்டும்தான். முன்பு ஒவ்வொரு சிறு கோட்டின் முடிவிலும் இயந்திரம் நின்று கிளம்பும், நின்ற இடத்தில் பிளாஸ்டிக் பரு போலத் திரளும். முன்னால் பார்த்து ஓட்டுவது வந்த பிறகு அந்தப் பருக்கள் குறைந்தன.

2011-ல் நெதர்லாந்தின் எரிக் வான் டெர் சால்ம் இதையும் ஸ்பிரின்டர் என்ற ரெப்ராப் நிரலையும் கலந்து மார்லின் என்ற ஃபர்ம்வேரை எழுதினார். அதில் உள்ள தந்திரங்களைப் படித்தால் சிக்கனமான குடும்பத்தலைவியின் கணக்கு நோட்டு நினைவுக்கு வரும். வேகத்திலிருந்து டைமர் இடைவெளியைக் காண வகுத்தல் வேண்டுமல்லவா? வகுக்கவே மாட்டார்கள், விடைகளை முன்பே அட்டவணையாக எழுதி நிரலோடு வைத்துவிட்டார்கள். நொடிக்கு 10,000 துடிப்பைத் தாண்டினால் ஒரே அழைப்பில் இரண்டு துடிப்பு, 20,000-ஐத் தாண்டினால் நான்கு. மொத்த உச்சவரம்பு 40,000. இரண்டு நான்காகக் கொடுத்தால் துடிப்புகளின் இடைவெளி சமமாக இருக்காது, மோட்டாரின் சத்தம் அந்த இடத்தில் கரகரவென்று மாறும். ஆனாலும் ஓடியது, அதுவும் லட்சக்கணக்கான வீடுகளில்.

எல்லை எங்கே தெரிந்தது என்றால், 2012-ல் ஜோஹான் ரோச்சோல் ராஸ்டாக் என்ற டெல்டா வகை இயந்திரத்தை வெளியிட்டபோது. மூன்று தூண்கள், மூன்று ஜோடிக் கைகள், நடுவில் தொங்கும் முனை. பார்க்க அழகு. ஆனால் முனை நேர்கோட்டில் போகவேண்டுமானால் மூன்று மோட்டாரும் வளைந்த கணக்கில் ஓடவேண்டும். ஒரு நேர்கோட்டை நொடிக்கு 200 துண்டு வரை வெட்டி, துண்டுக்கு மூன்று வர்க்கமூலம் கணக்கிடவேண்டும். எட்டு பிட் சிப்புக்கு மூச்சு வாங்கியது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. மோட்டாரை ஓட்டும் அதே சிப்தான் 200 டிகிரிக்கு மேல் சூடாகும் முனையையும் பார்த்துக்கொள்கிறது. வெப்பம் அளக்கும் உணரி கழன்று விழுந்தால், "இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது" என்று சிப் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் பாதுகாப்பு மார்லினில் சேர்க்கப்பட்டது. ஆனால் விலை குறைந்த சில பிரிண்டர்கள் அந்தப் பாதுகாப்பை அணைத்த நிலையிலேயே விற்கப்பட்டன. சில வரி மாற்றம்தான், அதைச் செய்யாததற்கு எந்தச் சிப்பையும் குறை சொல்ல முடியாது.

32 பிட் சிப்புகள் இதற்குள் வந்துவிட்டன. 2013-ல் ஸ்மூதிபோர்டு, கார்டெக்ஸ்-எம்3 வகை எல்பிசி1769 சிப்போடு நொடிக்கு 1 லட்சம் துடிப்பு தந்தது. அதே காலத்தில் வந்த டூயட் போர்டில் 84 மெகாஹெர்ட்ஸ் சிப். அதற்கு ஃபர்ம்வேர் எழுதத் தொடங்கியவர் வேறு யாருமல்ல, ஏட்ரியன் போயரேதான்! திட்டத்தைத் தொடங்கியவரே எட்டு பிட்டை விட்டுவிட்டார். ஆனால் அவர் பெற்ற குழந்தைகள் விடவில்லை. 2017-ல் வந்து புகழ் பெற்ற புரூசா எம்கே3-ல் இருந்தது அதே ஏடிமெகா2560. 2018-ல் வந்த எண்டர் 3-ல் ஏடிமெகா1284பி. ஏன்? பத்தாயிரம் பேர் கை வைத்துத் திருத்திய மார்லின் அந்தச் சிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. தவறு நேர்ந்தால் எந்த மன்றத்தில் கேட்டாலும் பதில் கிடைக்கும். நல்ல சிப்பைவிடத் தெரிந்த சிப் மேல் என்பது சோம்பேறித்தனம் போலத் தோன்றலாம், ஆனால் பழுது பார்க்கிறவன் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயம் உண்டு. மார்லின் 32 பிட் சிப்புகளுக்கும் முறையாக வந்தது 2019 இறுதியில், அதன் 2.0 பதிப்பில்தான்.

இந்தக் கதையில் எல்லாரையும் திகைக்க வைத்த திருப்பம் 2016-ல் கெவின் ஓ'கானர் வெளியிட்ட கிளிப்பர். அவர் கேட்ட கேள்வி எளியது. பிரிண்டர் பக்கத்தில் ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கணினி எப்படியும் இருக்கிறது. கணக்கையெல்லாம் அதுவே போடட்டும், சிப் எதற்குக் கணக்குப் போடவேண்டும்? கிளிப்பரில் கணினி ஒவ்வொரு துடிப்பும் எந்தக் கணத்தில் விழவேண்டும் என்று முன்பே கணக்கிட்டுவிடும். அதைச் சுருக்கி மூன்று எண்களாகச் சிப்புக்கு அனுப்பும்: முதல் இடைவெளி எவ்வளவு, எத்தனை துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் இடைவெளியில் எவ்வளவு கூட்டவேண்டும். சிப் செய்வது துடிப்புக்கு ஒரு கூட்டல், பிறகு காத்திருத்தல். அவ்வளவுதான். 40,000-ல் மூச்சு வாங்கிய அதே 16 மெகாஹெர்ட்ஸ் ஏ.வி.ஆர். சிப், ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டும்போது நொடிக்கு 1 லட்சத்துக்கும் மேல் துடிப்பு தந்தது.

2020 முதல் 2022 வரை உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது போயரின் வைட்டமின் கேள்வி திரும்ப வந்தது. எஸ்டிஎம்32 வகைச் சிப்புகள் கிடைக்காமல் விலை ஏறியது. எண்டர் 3-ஐச் செய்த நிறுவனம் தன் 32 பிட் போர்டுகள் சிலவற்றில், பெயர் மாறாமலே, ஜிடி32 என்ற சீன மாற்றுச் சிப்பைப் போட்டு அனுப்பியது. ஒரே எண் அச்சிட்ட இரண்டு போர்டில் இரண்டு விதமான சிப். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பிறகே ஃபர்ம்வேர் ஏற்றவேண்டியிருந்தது.

புரூசா 2023-ல் வெளியிட்ட எம்கே4-ல் 32 பிட்டுக்கு மாறியது. ரேம்ப்ஸ் நகல்கள் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் தொங்குகின்றன. 2011-ல் மார்லினுக்காக வாங்கிய ஆர்டுயினோ மெகா பழைய பெட்டி எதிலாவது கிடந்தால், அதில் கிளிப்பரை ஏற்றி, யுஎஸ்பி கம்பியால் ஒரு குட்டிக் கணினியோடு இணைத்தால் போதும். நான்கு மோட்டாரும் முன்னைவிட வேகமாகவே ஓடும்.